அண்ணி கட்டிய பிராது

உ
பழமலைநாதர் துணை

விருத்தாசலம்
மாசி 2

என் வணக்கத்துக்குரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு அம்புஜவல்லி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். சென்னையில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பழமலைநாதரையும் பெரியநாயகி அம்மனையும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோன் போட்டால் உங்கள் உதவியாளர் சேரன் தம்பிதான் எடுக்கிறது. 'சார் மீட்டிங்ல இருக்காருங்கம்மா, வந்ததும் சொல்றேங்கம்மா' என்கிறது. நல்ல பிள்ளை, சொல்லத்தான் செய்யும். நீங்கள் திரும்பக் கூப்பிடும்போது உங்களுக்குப் பின்னால் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 'ம், சொல்லு' என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சொல்ல வந்தது ஓடிப்போகிறது. கரும்பு நிலுவைப் போராட்டத்தில் நீங்கள் கடலூர் ஜெயிலில் இருந்தபோது, உங்களுக்குக் கடிதம் போட வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். என் மனசு எழுத்தில்தான் நிற்கும்.

நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்தது. பாலுக்கு, மளிகைக்கு, கரண்டுக்கு, சாமி காரியத்துக்கு என்று வழக்கம்போல் பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். மாசி மகத்துக்கு அடுத்த வாரம் கொடியேற்றம். நம் தெருவில் செராமிக் கொட்டகை வைத்திருப்பவர்கள் எல்லாரும் திருவிழாக் கடைக்காகப் பொம்மையும் அகலும் சுட்டு அடுக்குகிறார்கள். பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ பிள்ளையார் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டே, 'எங்க அண்ணாச்சிய டி.வி.ல பாத்தேங்க்கா, கொஞ்சம் எளச்சிட்டாரு' என்றாள். அவள் சொல்லித்தான் நீங்கள் இளைத்தது எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

இனி எழுத வந்த விஷயம். உங்கள் அக்கா பெரியம்மாள் அண்ணி, அறுத்த நெல்லை ஊர்க் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டோக்கன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். விற்கிறவர் பெயரில் தனிப் பட்டா இருந்து அது கம்ப்யூட்டரில் ஏறியிருந்தால்தான் இந்த வருஷம் நெல் எடுப்பார்களாம். அண்ணியின் நிலம் அவர்கள் மாமனார் பெயரில் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கிறது. அண்ணியின் வீட்டுக்காரர் இருந்தபோதும் பிரிக்கவில்லை, போன பிறகும் பிரிக்கவில்லை. கொழுந்தன்மாரில் ஒருவர் திருப்பூரில், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது?

இந்த விதி நீங்கள் இருக்கிற அரசாங்கக் கொள்கைக் குழு சொல்லி வந்தது என்று எனக்குத் தெரியும். ஏன் கொண்டுவந்தீர்கள் என்பதும் தெரியும். வெளியூர் வியாபாரிகள் லாரி லாரியாக நெல் கொண்டுவந்து, உழவன் பெயரில் விற்றுவிட்டுப் போனதை எதிர்த்து நீங்கள் தொண்டை வற்றக் கத்தியது இந்த ஊர் முழுக்கக் கேட்டது. அதை நிறுத்தத்தான் இந்த விதி. அதில் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

நான் போனபோது அண்ணி தார்ப்பாய் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலையத்துப் பையன், 'ஒங்க பேரு ஏறலம்மா, கம்ப்யூட்டரு எடுத்துக்காது' என்றதற்கு, 'கம்ப்யூட்டரு எடுக்காட்டிப் போவுது, நீ எடுத்துக்கடா ராசா' என்றார்களாம். களமே சிரித்ததாம். அதோடு விடாமல், 'இந்தச் சட்டத்தப் போட்டதே எந்தம்பிதான் தெரியுமா?' என்று வேறு பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் சிரித்தார்களாம். அந்த இரண்டாவது சிரிப்பு வேறு மாதிரி இருந்தது என்று அண்ணியே என்னிடம் சொன்னார்கள்.

போன வாரம் நான் இதைச் சொன்னபோது, 'அக்காவுக்காக ஒரு ஃபோனு போட்டா நாளைக்கி எவன் வேணா போடுவான். விதின்னா எல்லாருக்கும்தான்' என்று சொல்லிவிட்டீர்கள். அலுவலகத்துக்கு நீங்கள் ஃபோன் போட வேண்டாம். அண்ணியும் அதைக் கேட்கவில்லை. 'அவன் ஒரு தரம் வந்து இந்தக் களத்துல நின்னு பாக்கட்டும், அது போதும்' என்றுதான் சொல்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போங்கள். சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிடலாம்.

திருநீறு வைத்து அனுப்பியிருக்கிறேன். இட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அம்புஜவல்லி

*

உ
பழமலைநாதர் துணை

விருத்தாசலம்
பங்குனி 9

வணக்கத்துக்குரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு அம்புஜவல்லி அநேக நமஸ்காரம். கோபத்தில் இதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடாதீர்கள். திட்டுவதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முந்தாநாள் நீங்கள் ஃபோனில், 'நீயே ஒங்கையால எழுதினியா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். ஆமாம் என்றேன். 'இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்' என்று வைத்துவிட்டீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மாசிக் கடைசியில் அந்த மழை பெய்தது. நம் வீட்டுக் கொடித்துணி கூட நாலு நாள் காயவில்லை என்றால், திறந்த களத்தில் கிடந்த நெல் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தார்ப்பாய் மேலே காய்ந்து கிடந்தது, அடியில் தண்ணீர் நின்றது. நான் போய்ச் சேர்வதற்குள் அடிநெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அண்ணி கையில் அள்ளிக் காட்டினார்கள்.

அன்றைக்கே ஒரு வியாபாரி வந்து, தான் சொன்ன அடிமாட்டு விலைக்கு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனான். மேல்நெல்லைக் காயவைத்துத் தூற்றி, பட்டா உள்ள ஒருவர் பெயரில் டோக்கன் போட்டு, அதே களத்தில் அதே தராசில் வைத்து விற்றுவிட்டான். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார்களாம். 'யாரு உள்ள வரக் கூடாதுன்னு எந்தம்பி கதவச் சாத்துனானோ அவன் உள்ளாற இருக்கான், நான் வெளிய நிக்கிறேன்' என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கொளஞ்சியப்பரிடம் பிராது. ஒரு காலையில் அண்ணி பஸ் ஏறி நம் வீட்டுக்கே வந்து, 'கெளம்பு அம்புஜம், மணவாளநல்லூரு போவலாம்' என்றார்கள். சாமி கும்பிடத்தான் என்று நினைத்துப் பூ வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கோயில் அலுவலகத்தில் தாள் வாங்கி என் கையில் கொடுத்து, 'எழுது' என்றார்கள். எதிரி யார் என்கிற இடம் வந்ததும் உங்கள் பெயரைச் சொன்னார்கள்.

முடியாது என்றேன். அழுதேன். என் தாலியைத் தொட்டுக் காட்டினேன். 'அடி அசடே! நீ எழுதலன்னா நான் வாசல்ல ஒக்காந்து எழுதிக் குடுக்குறவன்கிட்ட போவேன். அவன் இல்லாததும் பொல்லாததும் சேத்து எழுதுவான். எந்தம்பி மேல ஒரு சொல்லு கூடுதலா வுழக் கூடாது, அதுக்குத்தான் ஒன்னக் கூட்டியாந்தேன்' என்றார்கள். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

உங்கள் மேல் கோபத்தில் கட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். என்ன நினைத்துக் கட்டினார்கள் என்று நான் கேட்டேன். 'நீ சொல்லி வர்ல. நான் ஆளு வுட்டுச் சொல்லி வர்ல. பஞ்சாயத்துத் தலைவரு சொல்லி வர்ல. பெரிய மனுசன் ஆயிட்டான், மனுசங்க கூப்ட்டா வர மாட்டான். கோர்ட்டுல கேசு போட்டா எதிராளிக்கு சம்மன் போவுதுல்ல? சாமி சம்மன் அனுப்புனா வந்துதானே ஆவணும்?' இதுதான் அண்ணியின் கணக்கு. உங்களை வரவழைக்க அவர்களுக்குத் தெரிந்த கடைசி வழி அது. கோயிலில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, 'ஏம்மா, எங்க சாமி பேரு வெச்சவரு மேலயே எங்க சாமிகிட்ட பிராதா?' என்று சிரித்தார். 'அந்தப் பேர வெச்சதே நான்தாய்யா. எங்கம்மாவுக்கு நாலு புள்ள தங்காம போயி, நான் இங்க வந்து நேந்துகிட்ட பொறவுதான் அவன் பொறந்தான். இவருக்கு அவன நல்லாத் தெரியும்' என்றார்கள் அண்ணி.

நான் எழுதினது இவ்வளவுதான். 'என் தம்பி கொளஞ்சியப்பன் கொண்டுவந்த விதியால் கூட்டுப் பட்டாக்காரர்கள் நெல் விற்க முடியவில்லை. நான் மட்டும் இல்லை, ஊரில் பாதிப்பேர். அவன் வந்து பார்க்க வேண்டும். விதி திருந்த வேண்டும்.' குருக்கள் அதை சாமி பாதத்தில் வைத்துக் கொடுத்தார். அங்கேயே இருக்கிற முனியப்பர் சன்னதி வேலில் அண்ணியே கட்டினார்கள். மூன்று மாதத்துக்குள் காரியம் நடக்கும், நடந்ததும் கட்டினவர் வந்து ராஜினாமாச் சீட்டு கட்டி பிராதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். 'வர்றப்ப அவனையும் கூட்டியாந்து எடுத்துடறேன், கோச்சிக்காத' என்று வேலைப் பார்த்துச் சொன்னார்கள்.

யாரோ அதை ஃபோனில் படம் பிடித்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. ராத்திரிக்குள் வாட்ஸப்பில் வந்துவிட்டது. உங்களுக்கு ஆகாத சங்கத்துக்காரர்கள், அக்காவே சாமியிடம் புகார் கொடுத்த தலைவர் என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். டி.வி.க்காரர்கள் அண்ணி வீட்டுக்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணி, 'எங்க வூட்டு விசயம், நீங்க யாரு? மோரு குடிச்சிட்டுப் போங்க' என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மோர் குடிக்கிற படத்தையும் போட்டார்கள்.

உங்களுக்கு அங்கே எவ்வளவு தலைகுனிவு என்பது எனக்குப் புரிகிறது. உரக்கடைக்காரர் அன்பாகக் கொடுத்த மூட்டையைக் கூடத் திருப்பி அனுப்பினவர் நீங்கள். உங்கள் பெயரை இப்படி இழுத்தது நியாயம் இல்லைதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் முதன்முதலாகக் குறைதீர் கூட்டத்தில் பேசினபோது, முளைத்த நெல்லை முந்தானையில் கட்டிக் கொண்டுவந்து கலெக்டர் மேசையில் கொட்டினது அண்ணிதான். பேசினது நீங்கள். பேப்பரில் உங்கள் படம் மட்டும் வந்தது. அதை வெட்டி இன்றைக்கும் சாமி படங்களுக்கு நடுவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தான் ஏன் படத்தில் இல்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கோபம் ஆறினதும் வாருங்கள்.

தினமும் உங்கள் பேருக்கு அர்ச்சனை நடக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அம்புஜவல்லி

*

உ
பழமலைநாதர் துணை

விருத்தாசலம்
வைகாசி 6

வணக்கத்துக்குரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு,

சௌக்கியம் என்று எழுத இந்தத் தரம் கை வரவில்லை.

ஃபோனில் உங்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதுதான். ஆனாலும் நீங்கள் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்லி அழுவேன்? நமக்கும் பிள்ளை இல்லை, அண்ணிக்கும் இல்லை. அந்த வீட்டில் மிச்சம் நீங்கள்தான்.

அண்ணி காலில் புல்லறுக்கும்போது பட்ட சின்னக் காயம் அது. சர்க்கரை இருக்கிற உடம்பு, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு களைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. இங்கே காட்டினோம், உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். ரத்தத்தில் கலந்துவிட்டது, தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் நினைவு இருந்த நாள் எல்லாம் உங்கள் பேச்சுதான். சொந்தக்காரர் யார் யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் பெண் கேட்டதற்கு, 'எந்தம்பி கெவருமெண்டுல இருக்கான். வந்துருவான். சம்மன் போயிருக்கு' என்றார்கள். அந்தப் பெண் ஏதோ போலீஸ் கேஸ் என்று பயந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. 'சனிக்கிழமை வரேன்னு சொல்லு' என்று நீங்கள் சேரன் தம்பி மூலம் சொன்னதை அண்ணி காதில் போட்டேன். 'பாத்தியா, சாமி கூப்ட்டா வரான்' என்றார்கள். என்னை எண்ணெய் தடவித் தலை வாரிவிடச் சொன்னார்கள், தம்பி வரும்போது பரட்டைத்தலையாக இருக்கக் கூடாது என்று. சனிக்கிழமைக்கு அவர்கள் இருக்கவில்லை. வியாழக்கிழமை விடியலிலேயே போய்விட்டார்கள்.

ஊருக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். சித்திரை வெயில், உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்டி முடிந்ததும் பெண்கள், 'பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?' என்று ஆரம்பித்தார்கள். தம்பி கையால் புதுச்சேலை விழாமல் எப்படி எடுப்பது என்று ஒரு கட்சி. இந்த வெயிலில் எவ்வளவு நேரம் போட்டு வைப்பது என்று ஒரு கட்சி. நான் கொல்லைப்பக்கம் போய் உங்களுக்கு ஃபோன் போட்டேன். சேரன் தம்பி இந்தத் தரம் மீட்டிங் என்று சொல்லாமல் உங்களிடம் கொடுத்தது. கோடிக்காக எல்லாரும் காத்திருப்பதைச் சொன்னேன். 'எடுத்துடச் சொல்லு. அக்காவ வெயில்ல வெக்காதீங்க' என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவும் இல்லை, ஃபோனை வைக்கவும் இல்லை. உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. நானாகத்தான் வைத்தேன்.

ஷபியுல்லா பாய் கடையிலிருந்து வரவழைத்த சேலையை நான்தான் போர்த்தினேன். அரக்கு, மாம்பழக் கரை. அண்ணிக்குப் பிடித்த நிறம் என்று இல்லை, அவசரத்துக்குக் கிடைத்தது அதுதான். 'பொறந்த வூட்டு ஆம்பள இல்லாம நீ போடலாமாம்மா?' என்று பங்காளிப் பெரியவர் ஒருவர் கேட்டார். 'பொறந்த வூட்டுலேருந்து வந்து நிக்கிறது நான் ஒருத்திதான்யா, வேற யாரு இருக்காங்க, காட்டுங்க' என்றேன். எல்லார் முன்னாலும் இவ்வளவு சத்தமாக நான் பேசினதில்லை. பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அன்றைக்கு உங்களை நான் மனசுக்குள் சபித்தேன். கும்பிடுகிற சாமிக்கு முன்னால் பொய் எழுதக் கூடாது. சென்னை என்ன சீமையா? ஒரு ரயில் தூரம். கூடப்பிறந்தவளைவிட என்ன கூட்டம், என்ன பதவி என்று அடுப்பில் உலையை வைத்துக்கொண்டு கேட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்காவது வருவீர்கள் என்று பார்த்தேன். அதற்கும் இல்லை.

பதினெட்டாம் நாள் காலைப் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. கூட்டுப் பட்டாவில் பயிர் செய்கிறவர்களும், கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துக் கொடுக்கும் சான்றோடு இனிமேல் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்கலாம் என்று உத்தரவு. கீழே உங்கள் பெயர். நான் இரண்டு தரம் படித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயஸ்ரீ வந்து எழுப்பும்வரை அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

அன்று மதியம் சேரன் தம்பி வந்தது. நீங்கள் அனுப்பவில்லை, தானாக லீவு போட்டு வந்ததாகச் சொன்னது. சாப்பிடக் கூப்பிட்டேன், இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பிறகு சொன்னது. 'அம்மா, சாரு மாசி மாசத்துலேருந்தே இதுக்குத்தாம்மா அலஞ்சாரு. ஒங்க மொதக் கடிதாசி வந்த அன்னைக்கே எடுத்துட்டாரு. குழுவுல ஒத்த ஆளா நின்னாரு. பாதிப் பேரு ஒத்துக்குற நேரத்துலதான் அந்தப் பிராது படம் வந்துச்சி. சொந்த அக்காவுக்காக விதிய மாத்தப் பாக்குறாருன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. சாரு எங்கிட்ட, இப்ப நான் அங்க போயி அக்கா பக்கத்துல நின்னேன்னா ஒரு போட்டோ போதும், இது இதோட செத்துப்போயிடும்டான்னாரு. உத்தரவு வந்ததும் அதக் கையில எடுத்துக்கிட்டு அக்காகிட்ட போறேன்னாரு.'

வியாழக்கிழமை, நான் ஃபோன் போட்ட அந்த நேரத்தில்தான் கடைசிக் கூட்டம் நடந்துகொண்டிருந்ததாம். எழுந்து போயிருந்தால் கூட்டுப் பட்டாக்காரர்களுக்கான பத்தியை அடித்திருப்பார்களாம். நீங்கள் வெளியே வராண்டாவில் வந்து என்னோடு பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனீர்களாம். அரைமணி நேரம் பேசினீர்களாம். அக்கா போன செய்தியை அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லையாம்.

ஏன் சொல்லவில்லை? அவர்களிடம் வேண்டாம், என்னிடம்? 'பொறுத்துக்க, வேலை நடக்குது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஆஸ்பத்திரியில் அண்ணி காதில் அதைப் போட்டிருக்க மாட்டேனா? ரகசியம் காக்கத் தெரியாதவளா நான்? உறுதி ஆகாததை வாயால் சொல்லக் கூடாது என்பது உங்கள் குணம். அந்தக் குணத்தை நம்பித்தான் ஊரே உங்கள் பின்னால் வந்தது. எனக்கும் அதில் பெருமைதான். இப்போது அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உங்கள் அக்கா நீங்கள் வர வேண்டும் என்று பிராது கட்டினார்கள். அதனாலேயே நீங்கள் வர முடியாமல் போனது. அவர்கள் கேட்டதற்காகத்தான் நீங்கள் அவர்களைப் பார்க்காமல் இருந்தீர்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக நின்றிருக்கிறீர்கள், ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. யாரிடம் போய் நியாயம் கேட்பேன்? சாமியிடம் கேட்டால், நான்தான் கேட்டதைக் கொடுத்துவிட்டேனே என்பார்.

நேற்று இந்த உத்தரவைக் கேள்விப்பட்டு ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். எல்லாம் கூட்டுப் பட்டாக்காரர்கள். 'பெரியம்மா பிராது பலிச்சிடுச்சி' என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதில் துர்கா என்கிற பெண், 'குறுவைக்கு நெல்லு போட்டா எம்பேருலயே விப்பேங்க்கா' என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷப்படவும் வெட்கமாக இருக்கிறது எல்லாருக்கும்.

இன்று காலை நான் மணவாளநல்லூர் போனேன். காரியம் நடந்துவிட்டது, பிராதை எடுக்காமல் விட்டால் எதிராளிக்கு ஆகாது என்று பயம். உங்கள் பெயர் அந்த வேலில் தொங்கிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் எழுதுகிறவரிடம், கட்டினவங்க இறந்துட்டாங்க, நான் ராஜினாமா கட்டலாமா என்று கேட்டேன். 'எனக்குத் தெரிஞ்சி கட்டுனவங்க வரணும். இல்லன்னா கூடப் பொறந்தவங்க வரலாம். இருக்காங்களா?' என்றார். ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிப் பெயரைச் சொன்னேன். அவர் எழுதப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். 'எதிர்மனுதாரரும் அவருதானேம்மா?' என்றார். ஆமாம் என்றேன். அவர் அங்கே வேலை செய்கிற இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லையாம். சற்று யோசித்துவிட்டு, 'வரட்டும். அவரே எழுதி அவரே கட்டட்டும். சாமி ஒன்னும் சொல்ல மாட்டாரு' என்றார்.

நான் எழுதித் தர மாட்டேன். அண்ணிக்காக உங்கள் பெயரை எழுதின கையால் மறுபடி எழுத எனக்குத் திராணி இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

நீங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது தடுக்க விதியும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்த வீட்டு வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவது என்றுதானே? சாவி என்னிடம் இருக்கிறது. நான் முன்னால் போய்த் திறந்து வைக்கிறேன். நீங்கள் வரும்போது நான் ஒன்றும் கேட்க மாட்டேன். உங்கள் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேன், உங்களுக்கு வேண்டுமென்றால்.

ஒன்று மட்டும் பாக்கி. கோயிலில் மனுதாரர் ஊருக்கும் சன்னதிக்கும் எவ்வளவு தூரமோ அந்த அளவுக்குப் படிப்பணம் கட்ட வேண்டுமாம். எழுதுகிறவர் நோட்டைத் திறந்து, 'அவரு எந்த ஊருன்னு போடட்டும்மா, சென்னையா, விருத்தாசலமா, இல்ல அக்கா ஊரா?' என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். அவர் வந்து சொல்லுவார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து சொல்லுங்கள். கொளஞ்சியப்பர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்
அம்புஜவல்லி